ஃபிளமென்கோ கிட்டாரின் ஆழம்: 87 மில்லிமீட்டரா, 97 மில்லிமீட்டரா?

ஃபிளமென்கோ என்பது ஸ்பெயினின் தெற்கில் பிறந்த, பாட்டும் ஆட்டமும் கிட்டாரும் சேர்ந்த கலை. அதற்கு ஏற்ற கிட்டார் ஒன்றைச் செய்து தரச் சொல்லி ஸ்பெயினில் ஒரு பட்டறைக்கு எழுதினேன். பதிலில் நாலைந்து கேள்விகள் வந்தன. தந்தி நீளம் 650 மி.மீ.-ஆ 655-ஆ, நட் (கழுத்தின் நுனியில் தந்திகள் படியும் சிறு கட்டை) எவ்வளவு அகலம், மரம் சைப்ரஸா ரோஸ்வுட்டா என்பதற்கெல்லாம் அன்றே பதில் தயார். திணறியது கடைசிக் கேள்வியில்தான்: பெட்டியின் ஆழம், அதாவது மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே உள்ள தூரம், எவ்வளவு வேண்டும்? எல்லாம் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குள் அடங்கிவிடும் வித்தியாசம். அதற்கு மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்தேன்.

அந்த மூன்று வாரத்தில் வாசித்துப் பார்த்ததையும் கணக்குப் போட்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் வந்து சேர்ந்த இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் குரலை உருவாக்குவது தந்திகளுக்கு அடியில் துளையோடு இருக்கும் மேல்பலகை. அந்தக் குரலின் அடிப்பகுதி எந்தச் சுரத்தில் போய் உட்காரும் என்பதை ஆழம் சொல்கிறது. அதனால் மற்றதையெல்லாம் முடிவு செய்த பிறகு கடைசியாகத் தொட வேண்டிய அளவு அது. கடையில் ஒரு கிட்டாரைக் கையில் எடுத்ததும் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்து, "ஒல்லியா இருக்கு, அசல் ஃபிளமென்கோ" என்று சொல்லிவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

அளவில் தொடங்குவோம். கிளாசிக்கல் கிட்டார் பொதுவாக 95 முதல் 105 மி.மீ. ஆழம் இருக்கும். ஃபிளமென்கோ கிட்டார் பெரும்பாலும் 85-க்கும் 95-க்கும் நடுவே. ரோஸ்வுட் பெட்டி கொண்ட நெக்ரா வகை சிலசமயம் 98 வரை போகும். பெட்டி முழுக்க ஒரே ஆழம் இருப்பதில்லை. அடிப்பக்கம் ஆழமாகவும், கழுத்து சேரும் இடத்தில் சில மில்லிமீட்டர் குறைவாகவும் சரிந்துதான் செய்வார்கள். விற்பவர் "ஆழம் 90" என்றால் எந்த இடத்தில் அளந்தது என்று கேளுங்கள். கூடவே, பலகைகளின் கனத்தைச் சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள். மேல்பலகை 2 மி.மீ., பின்பலகை இரண்டரை என்று வைத்தாலே நாலைந்து மி.மீ. வந்துவிடும். ஒருவர் 90 என்பதும் இன்னொருவர் 94 என்பதும் ஒரே பெட்டியாக இருக்கலாம். இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் இரண்டு கிட்டார்களின் அளவை ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

பெட்டியின் பக்கங்கள் என்னதான் செய்கின்றன? இதற்கு அல்மெரியாக்காரர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862-இல் ஒரு பரிசோதனையே செய்து வைத்திருக்கிறார். இன்று நாம் ஸ்பானிஷ் கிட்டார் என்று சொல்லும் வடிவத்தை நிலைநிறுத்தியவர் அவர். பக்கங்களையும் பின்புறத்தையும் காகித அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் மரத்தில் வைத்து ஒரு கிட்டார் கட்டினார். குரல் மேல்பலகையிலிருந்து வருகிறது என்று காட்டுவதற்காகச் செய்தது அது. அப்படியானால் பக்கங்களுக்கு மிஞ்சும் வேலைகளில் முக்கியமானது காற்றைப் பிடித்து வைப்பது. எவ்வளவு காற்று என்பதுதான் ஆழத்தின் கேள்வி.

இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கடம் போதும். கட வித்வான் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தி, மெல்ல விடுவித்து வாசிக்கும்போது ஒலி இறங்கி ஏறுவதைக் கேட்டிருப்பீர்கள். வாய் குறுகினால் உள்காற்றின் சுருதி இறங்கும், திறந்தால் ஏறும். பானை பெரிதானாலும் சுருதி இறங்கும். கிட்டாரின் துளைதான் கடத்தின் வாய். பெட்டி அதன் வயிறு. பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு என்று ஒரு சுருதி உண்டு. நைலான் தந்திக் கிட்டார்களில் அது பெரும்பாலும் 90 முதல் 105 ஹெர்ட்ஸ் வரை, அதாவது தடித்த ஆறாம் தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) நாலாவது ஃப்ரெட் வரைக்குள் எங்கோ விழும். பெட்டியின் பரப்பளவை வைத்துப் பார்த்தால் ஒரு செ.மீ. ஆழம் என்பது ஏறக்குறைய 1.4 லிட்டர் காற்று. மொத்தக் காற்றே 12, 13 லிட்டர்தான். காற்றின் சுருதி கொள்ளளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆகவே 97-லிருந்து 87-க்கு இறங்கினால் சுருதி ஐந்து, ஐந்தரை சதவீதம் ஏறும். அரை சுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பலகைகளும் சேர்ந்து அசைவதால் நிஜத்தில் இன்னும் சற்றுக் குறைவாகவே ஏறும்.

கேட்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கு வருகிறேன். ஸ்பெயினின் கிரனாடா நகரில் அல்ஹாம்ப்ரா கோட்டைக்கு ஏறிப் போகும் கோமெரெஸ் சாலை கிட்டார் பட்டறைகளுக்குப் பேர்போனது. அங்கே ஒரு பட்டறையில் ஒரே கைவினைஞர் செய்த இரண்டு கிட்டார்களை ஒரே மதியத்தில் மாற்றி மாற்றி வாசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் ஸ்ப்ரூஸ் மேல்பலகை, சைப்ரஸ் பெட்டி. ஒன்று அடியில் 87 மி.மீ., மற்றது 97. மரத்துக்கு மரம் மாறும் என்பதால் இதைச் சுத்தமான சோதனை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரே கை, ஒரே மரவகை, ஒரே அறை என்று அமைவது அபூர்வம்.

97-ல் ஆறாம் தந்தியைத் திறந்து கட்டைவிரலால் அடித்தேன். ஒலி துளையிலிருந்து கிளம்புவதற்கு முன் பின்பலகை என் வயிற்றில் அதிர்ந்தது. அந்தச் சுரம் அடித்த பிறகு ஒரு கணம் விரிந்தது, கார்வை நின்றது. சோலெயா என்ற நிதானமான ஃபிளமென்கோ வகையின் தொடக்கத்தில் ஒவ்வொரு அடியும் ஆற அமர இறங்கும் இடத்தில் அது மனதைப் பிடித்துக்கொண்டது. உடனே வேகமான புலெரியா வகைக்கு மாறினேன். விரல்களை விசிறித் தந்திகளை மொத்தமாக அடிக்கும் ரஸ்கெயாதோவில் எஃப் கார்டிலிருந்து ஈ கார்டுக்கு (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரும்போது, முந்தைய கார்டின் அடித்தந்தி ஓயும் முன்பே அடுத்தது வந்து மோதியது. கை அதே வேகத்தில்தான் போனது. தாளக்கட்டின் ஓரங்கள் மட்டும் மழுங்கின. உள்ளங்கையால் தந்தியை அடக்கி அடக்கி வாசிக்க வேண்டியிருந்தது.

87-ல் அதே புலெரியா. விரல்நகம் பலகையில் இறங்கும் கோல்பே, மற்றதில் 'தொம்' என்றது இதில் 'டக்' என்றது. அல்சாபுவாவில் கட்டைவிரல் மேலும் கீழும் போகும் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக எண்ணும்படி கேட்டது. நடுத்தந்திகள் முன்னே வந்து நின்றன. சோலெயாவுக்குத் திரும்பியபோது அடிச்சுரம் வந்தது, போனது. நான் எதிர்பார்த்த அந்த விரிவு இல்லை. உள்ளே காற்று குறைவாக இருந்தால் அது மேல்பலகைக்கு விறைப்பான சுருள்வில் மாதிரி நிற்கும். கொள்ளளவு பத்து சதவீதம் குறைந்தால் விறைப்பும் ஏறக்குறைய அதே அளவு கூடும். அதனால் பலகையின் சொந்த அதிர்வும் கொஞ்சம் மேலே தள்ளப்படுகிறது. நடுப்பகுதி முன்னே வந்ததுபோல் கேட்டதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு விளக்கத்தை நான் ஏற்பதில்லை. பின்பலகை பக்கத்தில் இருப்பதால் ஒலி சீக்கிரம் திரும்பி வந்துவிடுகிறது, அதனால்தான் ஒல்லிக் கிட்டார் 'வேகமாக'ப் பேசுகிறது என்பார்கள். ஒரு செ.மீ. கூடினால் ஒலி போய் வரும் தூரம் 2 செ.மீ. கூடும். அதைக் கடக்க ஒலிக்கு ஒரு விநாடியின் 17,000-இல் ஒரு பங்கு ஆகும். யார் காதுக்கும் அது தாமதமாகத் தெரியாது. தவிர, 100 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளமே 3.4 மீட்டர். அது பெட்டிக்குள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்புவதில்லை. பெட்டிக் காற்று மொத்தமாக ஒரே மூச்சாகத் துளை வழியே உள்ளும் வெளியும் போகிறது.

ஃபிளமென்கோ கிட்டாரின் அந்த வறண்ட, வெடிப்பான தொடக்கம் வேறு இடத்திலிருந்து வருகிறது. மேல்பலகை மெல்லியது. பெட்டி லேசானது. சைப்ரஸ் ஒரு கன மீட்டருக்கு 500 கிலோ வாக்கில் இருக்கும். ரோஸ்வுட் 800-ஐத் தாண்டும். (நெக்ராவுக்கு இன்று அதிகம் பயன்படுவது இந்திய ரோஸ்வுட்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோம்.) தந்திகளைப் பலகையில் பிடித்திருக்கும் பிரிட்ஜில் தந்தி பலகைக்கு மேலே 7, 8 மி.மீ. உயரத்தில்தான் நிற்கும்; கிளாசிக்கல் கிட்டாரில் 10 முதல் 12. ஃப்ரெட்டுக்கு மேலும் தந்தி தாழ்வாக இருப்பதால் பலமாக அடித்தால் லேசாகச் சலசலக்கும், அந்தச் சலசலப்பும் இந்த இசையின் குரலில் ஒரு பங்கு. இத்தனையும் சரியாக அமைந்த 96 மி.மீ. கிட்டார் ஃபிளமென்கோவாகத்தான் பேசும். இவை எதுவும் இல்லாமல் ஆழத்தை மட்டும் 84-க்குக் குறைத்தால் கிடைப்பது அடிச்சுரம் மெலிந்த கிளாசிக்கல் கிட்டார். வறண்ட ஒலி வேண்டும் என்று ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் தவறான திருகைத் திருப்புகிறார்கள் என்பது என் கருத்து.

அப்படியானால் ஆழத்தை எதை வைத்து முடிவு செய்வது? யாரும் அதிகம் சொல்லி நான் கேட்காத, ஆனால் எனக்கு மிகவும் உதவிய ஒரு வழி இருக்கிறது: செஹியா. பாடகரின் குரலுக்கு ஏற்பச் சுருதியை ஏற்ற, கழுத்தில் மாட்டும் அந்தக் கட்டை.

காற்றின் சுருதி எந்தச் சுரத்தின் மீது சரியாக விழுகிறதோ அந்தச் சுரம் பெரிதாக முழங்கும், ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். தந்தியின் ஆற்றலைக் காற்று ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. ஈ கார்டை ஆதாரமாக வைத்து வாசிக்கும் 'போர் அர்ரிபா' நிலையில் ஆதார சுரம் ஆறாம் தந்தி, 82 ஹெர்ட்ஸ். செஹியாவை இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டினால் அது எஃப் ஷார்ப், 92.5 ஹெர்ட்ஸ் ஆகும். மூன்றில் மாட்டினால் ஜி, 98. நாலில் ஜி ஷார்ப், ஏறக்குறைய 104. இப்போது யோசியுங்கள். ஆழமான ஒரு கிட்டாரின் காற்று 92-ல் உட்கார்ந்திருந்தால், இரண்டில் செஹியா மாட்டிய ஒவ்வொரு முறையும் உங்கள் ஆதார சுரமே குழியில் விழும். திறந்த நிலையில் வாசிக்கும்போது குறையே தெரியாது. காற்று 104-ல் இருக்கும் ஒல்லிக் கிட்டாருக்கு இதே சிக்கல் நாலாம் ஃப்ரெட்டில் வரும். ஏ கார்டை ஆதாரமாக வைக்கும் 'போர் மேதியோ'வில் ஆதாரம் 110-லிருந்து தொடங்கி மேலேதான் போகும் என்பதால் தொல்லை குறைவு.

ஆகவே "87 நல்லதா 97 நல்லதா" என்று கேட்பதைவிட, நீங்கள் அதிகம் மாட்டும் செஹியா இடத்துக்கும் காற்றின் சுருதிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று கேட்பது பயனுள்ளது. கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தந்திகளை இடது கையால் அடக்கிக்கொண்டு, துளைக்கு அருகே வாயை வைத்து "ம்ம்ம்" என்று கீழ்ச்சுரத்திலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் பெட்டி உங்களோடு சேர்ந்து பாடத் தொடங்கும். பின்பலகையில் வைத்த விரல் நுனியில் அது தெரியும். பெண் குரல் அவ்வளவு கீழே இறங்காவிட்டால், துளைக்கு முன்னே உள்ளங்கையை வைத்து மேல்பலகையை விரல் மூட்டால் தட்டலாம். கையில் காற்று முட்டும் அந்தத் தட்டின் சுருதியை ட்யூனர் செயலி காட்டிக் கொடுக்கும்.

எங்கே வாசிக்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். மைக் இல்லாத சிறு அரங்கில் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் பக்கவாத்தியமாக உட்காருபவருக்கு 86 முதல் 90 வரைக்கும் உள்ள சைப்ரஸ் கிட்டார்தான் துணை. பலகைமேடையில் ஆணியடித்த காலணிகள் இடிக்கும்போது கீழ்ச்சுரம் எப்படியும் அந்த இடிக்குள் காணாமல் போகும். கைதட்டலையும் குரலையும் ஊடுருவிக்கொண்டு வருவது நடுச்சுரங்கள் மட்டுமே. ஃபிளமென்கோ கிட்டார் கலைஞர் பாக்கோ தெ லூசியா 1970-களின் இறுதியில் பெருவிலிருந்து கஹோன் என்ற மரப்பெட்டித் தாளவாத்தியத்தைக் கொண்டுவந்த பிறகு இது இன்னும் உண்மையாகிவிட்டது. கஹோனின் அடியும் ஆழக் கிட்டாரின் அடியும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். ஒலிபெருக்கி இருக்கும் மேடையிலும் ஒல்லிப் பெட்டிக்கு ஒரு வசதி உண்டு: கீழே முழங்குவது குறைவாக இருந்தால் ஊளையிடுவதும் குறையும்.

தனியாக வாசிப்பவரின் நியாயம் வேறு. ரமோன் மொந்தோயா 1936-இல் பாரீஸில் தனிக் கிட்டாராகப் பதிவு செய்தது முதல், ஃபிளமென்கோ கிட்டார் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பின்னால் உட்காருவதோடு நிற்கவில்லை. சபிகாஸும் பாக்கோ தெ லூசியாவும் அதைக் கச்சேரி மேடைக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்கள். தனி வாசிப்பில் அடித்தந்தியும் மெட்டும் இரண்டையும் ஒரே ஆள் சுமக்க வேண்டும். ஒரே தந்தியை விரல்கள் மாறி மாறி வேகமாக மீட்டும் ட்ரெமோலோவுக்கு அடியில் கட்டைவிரல் போடும் சுரம் நின்று தாங்க வேண்டும். அங்கே 94, 96 என்ற ஆழம் கைகொடுக்கும். கிளாசிக்கல் உருப்படிகளும் சேர்த்து வாசிப்பீர்கள் என்றால் 97-ஐத் தயங்காமல் எடுக்கலாம். ரோஸ்வுட் பெட்டியோடு அது நன்றாகவே பொருந்தும்.

உடம்பும் ஒரு வாக்கு போடும். வலது தொடையில் கிட்டாரை நிமிர்த்தி வைத்து, பெட்டியின் மேல் கையைத் தொங்கவிட்டு வாசிக்கும் பழைய உட்காரும் முறையில், ஒவ்வொரு மில்லிமீட்டரும் தோளைத் தூக்கும். எனக்கு 97-ல் அரை மணி நேரத்தில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. உயரமானவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

புதிதாக வாங்கும் முன், கையில் இருக்கும் கிட்டாரிலேயே இரண்டு ஆழத்தையும் ஓரளவு கேட்டுப் பார்க்கலாம். தந்திகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனம், 15 செ.மீ. நீளமுள்ள தெர்மாகோல் துண்டுகள் ஆறை உள்ளே விடுங்கள். மொத்தம் 1.44 லிட்டர், காற்றுக் கணக்கில் ஏறக்குறைய ஒரு செ.மீ. ஆழம் குறைந்ததற்குச் சமம். பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து வைத்தால் வேலைக்கு ஆகாது. உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அமுங்கும், கொள்ளளவு குறையவே குறையாது. எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால், துளைக்கு உள்ளே பொருந்தும் கெட்டி அட்டையில் வளையம் வெட்டுங்கள். 85 மி.மீ. துளை 77 ஆகச் சுருங்கினால் சுருதி ஒரு செ.மீ. ஆழம் கூடியதுபோல் இறங்கும். அந்தக் குறுகிய வாயால் அசல் ஆழக் கிட்டாரின் பருமன் வராது. ஆனால் எந்தச் சுரம் முழங்குகிறது, எந்தச் சுரம் ஓய்கிறது என்பது தெளிவாகத் தெரியும். வாசிக்கும்போதே முடிவு கட்டாமல், மூன்று மீட்டர் தள்ளி போனை வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். பின்பலகை வயிற்றில் அதிர்வது வாசிப்பவருக்கு மட்டும் கிடைக்கும் சுகம். எதிரே இருப்பவருக்கு அது போய்ச் சேருவதில்லை.

என் பழைய கிட்டாரில் இரண்டையும் ஒரு வாரம் செய்து பார்த்தேன். வாரம் இரண்டு நாள் ஆட்ட வகுப்புக்கு வாசிக்கிறேன். மீதி நாள் வீட்டில் தனியாக. செஹியா பெரும்பாலும் இரண்டிலோ மூன்றிலோ இருக்கும், அதுவும் போர் அர்ரிபாவில். எனவே 92.5-லும் 98-லும் காற்று உட்காரக் கூடாது. கடைசியில் எழுதிய பதில் இதுதான்: சைப்ரஸ் பெட்டி, ஆழம் அடியில் 91, கழுத்தருகே 86, பலகைக் கனமும் சேர்த்து, காற்றின் சுருதி ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில், 101-ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

கூடவே ஒன்றையும் கேட்டுக்கொண்டேன். பின்பலகையை ஒட்டும் வரை பக்கங்களின் விளிம்பைச் சீவிக் குறைக்கலாம். கூட்ட வழியே இல்லை. துளையையும் பின்னால் பெரிதாக்கலாம், சிறிதாக்குவது கடினம். அதனால் முதலில் 93-ஆக விட்டு வைத்து, துளையைச் சற்றுச் சிறிதாகவே வெட்டி, பின்பலகையை ஒட்டாமல் பிடிப்பான்களால் மட்டும் இறுக்கித் தட்டிப் பார்த்த பிறகு 91-க்குச் சீவும்படி கேட்டிருக்கிறேன். பக்கங்கள் வளைத்து அச்சில் நிற்கும் படம் போன வாரம் வந்தது. அளவுகோலில் 93 என்று தெரிகிறது.